பின்னங்கால் பக்கத்துக் கோடு

இனோகிச்சிக்குப் பயம் கூடப் பிறந்தது. ஜப்பானின் எடோ நகரத்தில் நான் படம் அச்சு எடுக்கும் பட்டறையில்தான் அவன் அச்சுக்கான மரப்பலகை செதுக்கினான். உடுப்பு, தரை, வேலி, இவ்வளவுதான் அவனுக்கு வரும் வேலை. முகமும் முடியும் மிருகமும் தலைமைச் செதுக்காளருடையவை. அவருக்குக் கண்நோய் வந்ததும், ஓவியர் ரிங்கெட்சுவின் பாயும் பூனை இவன் தலையில் விழுந்தது.

ஓவியர் வரைந்த மெல்லிய தாளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, அதன்மேலேயே செதுக்குவோம். வேலை முடியும்போது படம் இருக்காது, பலகைதான் இருக்கும். இனோகிச்சிக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவழியாக முடித்து, தூரிகையால் தேய்த்துக் கழுவி என்னிடம் கொடுத்தான். மை பூசி, தாள் பதித்து, முதல் அச்சை உரித்தேன். பூனை நிஜமாகவே பாய்ந்தது.

"அசத்திட்டடா! பின்னங்கால் பக்கத்துல வளைஞ்சு போகுதே ஒரு கோடு, அதுதான் பூனையையே தூக்குது."

"எந்தக் கோடு அண்ணே?"

குனிந்து பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்ப் பலகையைத் தேய்த்த தூரிகையை எடுத்து வந்தான். அதில் பசையோடு ஒரு கறுப்பு முடி. வேலை நேரத்திலும் அவன் மடியிலேயே கிடக்கும் பட்டறைப் பூனையின் முடி. வளைவும் அதே வளைவு.

"தாளுக்கடியில ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. கோடுன்னு நெனச்சு செதுக்கித் தொலைச்சிட்டேன்."

"சீவி எறி, தீர்ந்தது."

"முடி கிடந்த இடத்துல ஓவியர் போட்ட கோடும் இருந்திருந்தா?"

ஒத்துப் பார்க்க வழியில்லை. படம் சீவலோடு சீவலாக அடுப்புக்குப் போய்விட்டது. சீவிய கோடு திரும்ப முளைக்காது. தொட்டாலும் வேலை போகும், தொடாவிட்டாலும் போகும்.

அதற்குள் ரிங்கெட்சு வந்துவிட்டார். இனோகிச்சி பாயில் நெற்றி பதியக் குனிந்தான். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கோட்டைச் செதுக்கினது யாரு?"

"நான்தானுங்க..."

"விடாமப் புடிச்சிருக்கியே! இங்கதான்யா என் கை இருக்கு. இனிமே என் மிருகமெல்லாம் இவன்தான் செதுக்கணும்."

உண்மையைச் சொல்ல அந்தப் பைத்தியம் வாயைத் திறந்தது. தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

அடுத்து அவரிடமிருந்து நாலுகால் பாய்ச்சலில் ஒரு குதிரைப் படம் வந்தது. இனிப் பயம் தெளிந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கே! மறுநாள் காலை தூங்காத கண்ணோடு வந்து என் காதில் கேட்டான்:

"அண்ணே, பக்கத்துல குதிரை லாயம் எங்க இருக்கு? ஒரே ஒரு முடி வேணும்."