வீட்டுக் கேள்வி

மைக்கை வாயால் ஊதிப் பார்க்கிறவர்களை மைக் அக்காவுக்குப் பிடிக்காது. அவள் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவாள். ஆற்றங்கரை நெடுகக் கம்பங்களில் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கிகள் 'டக் டக்' என்று பதில் சொன்னால் போதும். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. எதிரே அழுதுகொண்டு நிற்கும் குழந்தையின் முன் குந்தி உட்கார்ந்து காலைப் பார்ப்பாள். செருப்பு என்ன நிறம், இரண்டு காலிலும் இருக்கிறதா, வார் அறுந்திருக்கிறதா, எல்லாம் நோட்டில் ஏறிவிடும். மூக்கைத் துடைத்துவிடுவது அதற்குப் பிறகுதான்.

நடுக்கோடையில் மூன்று நாள் நகரமே ஆற்றங்கரைக்கு இறங்கிவிடுகிறது. மேளம், ஆட்டம், பாட்டு, படகுப் போட்டி, தோளில் ஏறி உட்கார்ந்தால்கூட முழுதாகத் தெரியாத கூட்டம். ஒரு நாளைக்கு முப்பது குழந்தைகளாவது கைநழுவிப் போகும். அவர்களுக்கென்று போடும் கூடாரத்தில் பத்தொன்பது வருஷமாக அவள் உட்கார்ந்திருக்கிறாள். மற்ற நாட்களில் பேருந்து நிலைய விசாரணை அறையில் வண்டி புறப்படுவதை அறிவிக்கும் வேலை. எதையும் இரண்டு முறை சொல்லிப் பழகிய வாய். வீட்டில் சாப்பாடு தயார் என்பதைக்கூட இரண்டு தடவை சொல்கிறாள், நல்லவேளை நடைமேடை எண் மட்டும் சொல்வதில்லை என்பார் தையல்காரரான அவள் கணவர்.

'காணவில்லை' என்ற சொல்லை அவள் மைக்கில் சொன்னதே இல்லை. "குழந்தை பத்திரமா இங்கதான் இருக்கு. தொலைஞ்சு போனது அப்பா அம்மாதான்" என்பது அவள் கட்சி. அவள் அறிவிப்பதும் ஒரே வரிதான்: மஞ்சள் கவுன் போட்ட ஒரு குழந்தை கூடாரத்தில் இருக்கிறது. பெயர் வராது, வயது வராது, அப்பா பெயர் வராது. அதெல்லாம் தேடி வருகிறவர்கள் சொல்லவேண்டியது. செருப்பு நிறம் கேட்டால் முக்கால்வாசி அப்பாக்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, பரீட்சையில் பார்த்து எழுதியவர்கள் மாதிரி வந்து நிற்பார்கள்.

நோட்டின் கடைசிக் கட்டத்துக்கு 'வீட்டுக் கேள்வி' என்று பெயர். குழந்தையின் காதோரம் குனிந்து, அந்த வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்வாள். பூனைக்கு என்ன பெயர், யார் பக்கத்தில் படுப்பாய், இப்படி. தேடி வருகிறவர்கள் அதற்குச் சரியான பதில் சொல்லாமல் எந்தக் குழந்தையும் கூடாரத்தைத் தாண்டியது கிடையாது.

இந்தக் கட்டம் சும்மா வந்துவிடவில்லை. அவள் வந்த இரண்டாம் வருஷம், விவரம் தெரியாமல் ஒரு குழந்தையின் பெயரை மைக்கில் சொல்லிவிட்டாள். வாசலிலிருந்து யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, குழந்தை ஓடிவிட்டது. அரை மணி நேரம் கழித்துப் படகுத்துறையில் தனியாக நின்றது கிடைத்தது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றிக் கேட்டால் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

இந்த வருஷம் விழாக் குழுவுக்குப் புதுச் செயலாளர். நகரத்தில் பெரிய சோபாக் கடை வைத்திருப்பவர். முதல் காரியமாக, படித்துறையை ஒட்டி எல்லோர் கண்ணிலும் பட்ட கூடாரத்தைப் பிடுங்கி, ஜெனரேட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவே நட்டார். பழைய இடத்தில் அவர் கடை சோபாக்கள் வந்து உட்கார்ந்தன. கூடாரத்துக்குக் கிடைத்தது ஒரு கால் குட்டையான மேசை. நோட்டை வைத்து எழுதினால் எழுத்து ஒரு பக்கமும் மேசை ஒரு பக்கமும் போயின. மாற்றித் தரச் சொல்லி இரண்டு முறை, அதாவது அவள் கணக்கில் நான்கு முறை, சொல்லிப் பார்த்தாள். செயலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, சுவரொட்டியில் 'தேன்குரல்' என்று போட்டிருந்த தொகுப்பாளர் ஒருவரையும், மைக்கில் படிக்கவேண்டியதை அச்சடித்த பளபளவென்ற ஓர் அட்டையையும் அனுப்பினார்.

அட்டையைப் படித்ததும் மைக் அக்காவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. குழந்தையின் பெயர், வயது, அப்பா பெயர், அம்மா பெயர், உடை, செருப்பு, கையில் இருக்கும் பொருள், கடைசியில் "இந்த அறிவிப்பை வழங்குவோர்" என்று சோபாக் கடையின் பெயர். யார் வீட்டுக் குழந்தையை வைத்து யார் விளம்பரம் தேடுவது? குழுவில் இருபத்தேழு பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரும் பார்த்துத் தலையாட்டிய அட்டை அது. செயலாளர் சிரித்துக்கொண்டே, காலம் மாறிவிட்டது, விவரம் கூடினால் வேகம் கூடும் என்று அவளுக்கே பாடம் எடுத்தார்.

இரண்டாம் நாள் பிற்பகல், ஒரு நான்கு வயதுப் பெண் குழந்தையைச் சுண்டல் விற்கிறவர் கொண்டுவந்து விட்டார். மைக் அக்கா காலைப் பார்த்து, காதோரம் கேட்டு, எழுதி முடிப்பதற்குள் தேன்குரல் அட்டையைக் கையில் எடுத்து எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிட்டார். குழந்தையின் பெயர் மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்டது. அந்தப் பெயர் இந்தக் கதையிலாவது வரப்போவதில்லை.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சலவைச் சட்டை போட்ட ஒருவர், கையில் சிவப்புப் பலூனோடு வந்தார். குழந்தைக்குச் சித்தப்பா என்றார். பெயர் சொன்னார், வயது சொன்னார், அண்ணன் பெயர், அண்ணி பெயர், செருப்பு நிறம், கையில் இருந்த காகித விசிறி வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். தேன்குரலுக்கு முகமெல்லாம் பல். மைக் அக்கா குழந்தையின் காலைப் பார்த்தாள். கால் நகர்ந்ததுதான், ஆனால் பலூனைப் பார்த்து நகர்ந்தது.

"பாப்பாவுக்கு வீட்ல யாரு தலை பின்னி விடுவாங்க?" என்று கேட்டாள்.

"இது என்னங்க கேள்வி. அவங்க அம்மாதான்."

மைக் அக்கா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அம்மாவையே வரச் சொல்லுங்கள் என்றாள். அவர் கோபப்பட்டார், பிறகு சிரித்தார், இதோ கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனார். பலூனை வாசல் கயிற்றில் கட்டிவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை.

அவர் பத்தடி போவதற்குள் ஆளின் அடையாளத்தைச் சொல்ல அவள் மைக்கை எடுத்தாள். நகத்தால் தட்டினாள். பதில் இல்லை. சிறப்பு விருந்தினர் மேடையில் பேசத் தொடங்கிவிட்டதால் கூடாரத்தின் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லியிருந்தார் செயலாளர். போலீஸ்காரர்களும் மேடைக்கு முன்னால்தான் நின்றார்கள். தேன்குரல் ஓடிப்போய் ஒருவரைக் கூட்டிவருவதற்குள் சலவைச் சட்டையைக் கூட்டம் விழுங்கிவிட்டது.

உண்மையான அம்மா கால்மணி நேரம் கழித்து வந்தாள். முந்தானையெல்லாம் ஆற்று ஈரம். தண்ணீருக்குள் இறங்கித் தேடியிருக்கிறாள். அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டாள் மைக் அக்கா. சுற்றி நின்றவர்கள், பெற்றவளையே இப்படிக் கேட்பதா என்று முகம் சுளித்தார்கள்.

"எங்க மாமனார்" என்றாள் அந்த அம்மா. "எனக்குக் காலைல ஆறு மணி ஷிஃப்ட். தாத்தாதான் ரெட்டைச் சடை போட்டு விடுவார்."

நோட்டில் கடைசிக் கட்டத்தில் 'தாத்தா' என்றுதான் எழுதியிருந்தது. மைக் அக்கா குழந்தையை இறக்கிவிட்டாள். குழந்தை ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடியது.

பேச்சு முடிந்து செயலாளர் வந்தபோது எல்லாம் அடங்கியிருந்தது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போயிருந்தார். செயலாளர் விவரம் கேட்டார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விழா நேரத்தில் இதைப் பெரிதாக்கவேண்டாம் என்றார். "ஒண்ணும் ஆகலையே அக்கா" என்றார்.

"ஆகலதான் சார். ஆகாம பார்த்துக்கிட்டது உங்க அட்டையா?"

தேன்குரல் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் செயலாளர் லேசில் அசருகிறவர் இல்லை. அவர் நோட்டை எடுத்துப் புரட்டினார். கடைசிக் கட்டத்தில் கண் நின்றது. முகம் மலர்ந்தது.

"இது பிரமாதமான யோசனை அக்கா. இந்த வீட்டுக் கேள்வியையும் பதிலையும் நாளைக்கு அட்டையிலயே சேர்த்துடலாம். தம்பி மைக்ல படிச்சிடுவாரு."

மைக் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக, ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. செயலாளர் கையிலிருந்து நோட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மேசையிலிருந்த பளபள அட்டையை எடுத்து இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், நகத்தால் மடிப்பை அழுத்தினாள். குழந்தைகளின் காலைப் பார்க்க உட்காருவது மாதிரியே குந்தி உட்கார்ந்து, மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் அதைச் செருகினாள். எழுந்து, உள்ளங்கையை மேசைமேல் ஊன்றி ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு நகத்தால் இரண்டு தட்டு தட்டினாள்.