பின்வாசலில் ஒரு பெஞ்ச் வைஸ்

என் கணவர் அந்த வைஸைக் கொண்டுவந்து இறக்கியபோது சமையலறைத் தரையில் ஒரு சில்லு பெயர்ந்தது. கடலூர் முதுநகரில் ஒரு பழைய இரும்புக் கடையில் பிடித்தாராம். கோணிப்பையில் சுற்றி, இரண்டு பஸ் மாறி, கடைசி ஒரு மைல் தோளில் தூக்கி வந்திருந்தார். சட்டையின் ஒரு பக்கம் முழுக்கத் துருக்கறை.

"தரை போச்சு" என்றேன்.

"தரைய விடு புள்ள. இதப் பாரு."

பார்த்தேன். எதிரெதிரே இரண்டு தாடைகள், நடுவே ஒரு திருகு தண்டு, அதன் நுனியில் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் தாடைகள் நெருங்கி, இடையில் வைத்த இரும்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும். இது சுற்றவே இல்லை. இரண்டு விரல்கடை அளவுக்கு வாயைத் திறந்தபடி இறுகிப்போயிருந்தது. மேலே யாரோ சாம்பல் நிறப் பெயிண்டை அப்பியிருந்தார்கள். பெயிண்டுக்கு அடியிலும் துரு, மேலேயும் துரு.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் சுரங்கத்துப் பட்டறையில் ஹெல்பர். ஃபிட்டர் ஆக வேண்டுமென்றால் டிரேட் டெஸ்டில் தேற வேண்டும். தகட்டில் சதுரமாக ஒரு துளை போட்டு, இன்னொரு இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி அதற்குள் பொருத்த வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. அதற்குப் பழக ஒரு வைஸ் வேண்டும். பட்டறையில் இருந்ததெல்லாம் ஃபிட்டர்கள் கையில். ஹெல்பருக்குத் தூக்குகிற வேலையும் துடைக்கிற வேலையும்தான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் இவர் ஒரு வைஸின் முன்னால் போய் நின்றதற்கு, "உன்ன யாருய்யா இங்க நிக்கச் சொன்னது?" என்று ஒரு சீனியர் கேட்டிருக்கிறார். அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

ஆகவே வீட்டிலேயே ஒரு வைஸ். நியாயம்தான். பத்து நாளில் ஓட விட்டுவிடலாம் என்றார்.

எங்கள் குவார்ட்டர்ஸில் அப்போது சன்னல் கொக்கி உடைந்து கிடந்தது. காற்றடித்தால் கதவு படீர் படீரென்று சுவரில் மோதும். தண்ணீர் வாளியின் காது கழன்றிருந்தது. சமையலறையில் டப்பாக்கள் வைக்க ஒரு பலகை இல்லை. எதைச் சொன்னாலும் ஒரே பதில்: "வைஸ் ரெடியாகட்டும், எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிருவோம்." அந்தப் பதிலை ஆறு மாதம் கேட்டேன்.

முதலில் மண்ணெண்ணெய் வைத்தியம். அவர் ஷிப்டுக்குப் போய்விடுவார், ஊற்றுவது என் வேலை. காலையில் ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி, தண்டு மரைக்குள் நுழைகிற இடம் பார்த்து. கார்டுக்கு அளந்து தருகிற எண்ணெய். அடுப்புக்கே இழுபறி. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கையில் வாடை போகவில்லை. ரசத்தில் மண்ணெண்ணெய் நாறுகிறது என்று அவரே குறை சொன்னார். தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்று வாரம் ஊறியும் அசையவில்லை. சுத்தியலால் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர். அவர் மனைவி வந்து என்னிடம்தான் முகத்தைச் சுளித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரியடுப்பின் மேலேயே தூக்கி வைத்துச் சூடேற்றினார். அன்றைக்கு எங்களுக்கு மூன்று மணிக்குத்தான் சோறு. வைஸ் சூடானது, ஆறியது, அவ்வளவுதான். கோபத்தில் கைப்பிடியை எத்திப் பார்த்தார். கைப்பிடி வளைந்தது. அதை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்துவதற்கு ஒரு வைஸ் வேண்டும்.

அவர் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

கடைசியில் அது அசைந்த விதம் இப்படி. கைப்பிடியைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கடப்பாரையைச் செருகினார். இழுத்தால் வைஸே கூட வந்தது. "நீ மேல உக்காரு" என்றார். வைஸைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் கோணிப்பையைப் போட்டு, நான் உட்கார்ந்தேன். அவர் இழுத்தார். நான் சாய்ந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். நாலாவது இழுப்பில் கிறீச்சென்று ஒரு சத்தம், கடப்பாரை ஒரு சாண் நகர்ந்தது. என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு, எங்கள் கல்யாணத்தன்று கூட அந்த முகத்தில் வந்ததில்லை. எனக்கு இடுப்பு வலி.

அதன் பிறகு பிரித்தார். தண்டு, மரை, முன் தாடை, ஆணிகள். எல்லாம் போய் உட்கார்ந்தது எங்கள் வீட்டுச் சீராக வந்த பித்தளைத் தாம்பாளத்தில், மண்ணெண்ணெயில் மிதந்துகொண்டு. கேட்டதற்கு, "அகலமா வேற எதுவும் இல்லையே" என்றார். பின்வாசல் பக்கம் ஒரு பனங்கட்டையை இடுப்பளவுக்கு நட்டு, சுற்றிலும் செம்மண்ணும் கல்லும் போட்டு இடித்து, வைஸ் உட்காரப் பீடம் செய்தார். துணி உலர்த்துகிற கொடி போன இடம் அதுதான்.

துரு தேய்த்தது நான். அதைச் சொல்லாமல் விட மாட்டேன். மத்தியானங்களில் செங்கல் தூளும் தேங்காய் நாருமாக உட்கார்ந்துவிடுவேன். பக்கத்திலுள்ள வடக்குத்து கிராமத்திலிருந்து கீரை கொண்டுவருகிற பெண், என் வயசுதான், எல்லா பிளாக்கும் சுற்றி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எங்கள் பின்வாசலுக்கு வருவாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாம்மா இது. நானும் தெனிக்கும் பாத்துகினுதான் இருக்கிறன், வூட்டு வேலய வுட்டுட்டு இரும்பத் தேச்சிகினே இருக்கிற. இது இன்னா சாமி செலயா?"

"சாமியா இருந்தா தேவல. வரமாவது கேக்கலாம்."

ஒரு மாதத்தில் தண்டு பளபளத்தது, முன் தாடையும். பின் தாடையும் அடி உடம்பும் ஒரே வார்ப்பு, பெரியது. அதன் மேலிருந்த சாம்பல் பெயிண்டைப் பழைய கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். தாடையின் கழுத்துப் பக்கம் பெயிண்டுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ கெட்டியாக இருந்தது. கத்தியைக் கொடுத்து நெம்பினேன். பட்டையாகப் பெயர்ந்து விழுந்தது. அடைப்பு மாவு, சன்னல் கண்ணாடிக்குப் பூசுவார்களே, அந்தப் புட்டி.

அடியில் ஒரு கோடு. கழுத்தின் ஒரு ஓரத்தில் தொடங்கிப் பாதிக்கு மேல் ஓடியது. கீறல் என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். மற்ற இடமெல்லாம் காய்ந்தது. அந்தக் கோட்டில் மட்டும் மண்ணெண்ணெய் கசிந்து மறுபடி ஈரமானது. மறுபடி துடைத்தேன். மறுபடி கசிந்தது.

விற்றவன் விரிசலை மூடி விற்றிருக்கிறான்.

கீரைக்காரி எட்டிப் பார்த்தாள். "வுட்டுப்போயிருக்குதும்மா. உங்கூட்டுக்காரருகிட்ட சொல்லிடு. வண்டி அச்சு விரிசல் வுட்டா மூடி வச்சிட்டா ஓட்டுவாங்க?"

"சொல்லணும்" என்றேன்.

சொல்லவில்லை. அவர் மனம் நோகும் என்று சொல்லாமல் விட்டேன் என்றால் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். பொய். அன்றைக்கு எனக்கு அந்தச் சாமான் முடிந்து தொலைய வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். வார்ப்பிரும்பில் விரிசல் விட்டால் போனதுதான் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். சொன்னால் இன்னொரு பழைய வைஸ் வரும். இன்னொரு ஆறு மாதம், இன்னொரு டின் மண்ணெண்ணெய், மறுபடி அதன் முதுகில் நான். பச்சைப் பெயிண்ட் டப்பா தயாராக இருந்தது. "தேச்சு முடிச்சதும் நீயே அடிச்சிரு" என்று அவர்தான் வாங்கி வைத்திருந்தார். அடித்தேன். கழுத்தில் மட்டும் இரண்டு கை கூடுதலாக அடித்தேன்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தவர் சைக்கிளைக்கூட நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"புதுசு மாதிரி ஆக்கிட்டியே!" என்றார். "பட்டறைல இருக்கிறதுகூட இவ்வளவு சுத்தமா இல்ல."

நான் காபி போடப் போய்விட்டேன்.

பூட்டியாயிற்று. பனங்கட்டையின் மேல் போல்ட் போட்டு இறுக்கினார். வளைந்த கைப்பிடியை அதன் வாயிலேயே கொடுத்து நிமிர்த்திக்கொண்டார். தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் ராவத் தொடங்கிவிடுவார். கொக்கியும் வாளியும் பலகையும் டெஸ்ட் முடியட்டும் என்றார். முதல் நாட்களில் அவர் கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் நான் அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நிற்பேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் போனது. ஒருவேளை அது வெறும் கீறல்தானோ என்று நம்ப ஆரம்பித்தேன். ராவின இரும்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "பாரு, ஏதாவது தெரியுதா?" என்பார். முடி அளவு வெளிச்சம் தெரியும். மறுநாள் அதிலும் பாதிதான் தெரியும்.

டெஸ்டுக்கு எட்டு நாள் இருந்தபோது ஒரு கனமான துண்டை மாட்டினார். நழுவியது. கைப்பிடியில் குழாய்த் துண்டைச் செருகி இறுக்கினார். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். டப் என்று ஒரு சத்தம், பெரியதுகூட இல்லை. பின் தாடை முறிந்து, இரும்புத் துண்டோடு சேர்ந்து அவர் இடது கை மேல் விழுந்தது. கட்டைவிரல் நகம் அப்போதே கறுத்துப்போனது. ரத்தம் பிறகுதான் வந்தது.

ஓடிப்போய்ப் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். அவர் விரலைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த தாடையை மறு கையால் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முறிந்த முகத்தில் ஒரு பகுதி வெள்ளியாக மின்னியது. அது அப்போது முறிந்தது. மீதி கறுப்புத் துரு, அது பழசு. கறுப்பின் ஓரத்தில், உள்ளே இறங்கி, பச்சைப் பெயிண்ட்.

"பெயிண்ட் அடிக்கையில இது தெரியலையா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

"தெரிஞ்சுச்சு."

அவர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு ஓய்ந்திருப்பேன். அந்த மௌனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் பாத்திரங்களை நங் நங்கென்று போட்டேன்.

நாலாம் நாள் குழம்பில் உப்பு இல்லை என்று ஆரம்பித்தார்.

"உப்புக்கா கோபம்? நேராக் கேளுங்க" என்றேன்.

"என்னத்தக் கேக்க? நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? இன்னொண்ணத் தூக்கிட்டு வந்திருப்பீங்க. அதுக்கும் நான் எண்ணெ ஊத்தணும், தேய்க்கணும், மேல உக்காரணும். ஒரு கொக்கி மாட்டித் தர ஆறு மாசமா நேரமில்ல உங்களுக்கு!"

"பித்தள ஊத்தி ஒட்டிருப்பேன் புள்ள! மந்தாரக்குப்பத்துல வெல்டர் இருக்கான். ரெண்டு நாள் வேல. வெறும் ரெண்டு நாள்!"

விரிசல் விட்ட வார்ப்பை ஒட்ட முடியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தேய்க்கச் சொன்னார், பெயிண்ட் அடிக்கச் சொன்னார். கையில் இருப்பது என்ன, அது எப்படி உடையும், உடைந்தால் என்ன செய்யலாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதையும் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கும் தூங்கியிருக்க மாட்டார். கடைசியில் அவர், "சரி, சொல்லாதது என் தப்புன்னே வச்சுக்க. மறச்சது யாரு தப்பு?" என்றார்.

"என் தப்புதான்" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அழுகை வந்ததே என்று அதற்கும் ஆத்திரமாக இருந்தது.

கட்டுப் போட்ட கையோடு டெஸ்டுக்குப் போனார். அரத்தின் முனையை அழுத்திப் பிடிப்பது இடது கை. அது அழுந்தவில்லை. துண்டு சதுரத்துக்குள் போனது, ஆனால் லொடலொடவென்று ஆடியதாம். பெயர் வரவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் என்ன சொன்னாலும் தப்பாகப் போகும் என்று தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மறு வாரம் மந்தாரக்குப்பத்துக்குப் போனபோது நானும் வருவேன் என்றேன். வேண்டாம் என்றார், போனேன். வெல்டர் கரிக் குவியலில் வைஸைப் புதைத்து, மங்கிய சிவப்பாகும் வரை சூடேற்றினார். சூடேற்றாமல் ஒட்டினால் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் வெடிக்கும் என்று என் கணவர் சொன்னார், நான் கேட்காமலே. பித்தளைக் கம்பி உருகி, பொருத்தி வைத்த முறிவுக்குள் ஓடியது. பிறகு சாம்பலில் மூடி, ஒரு முழுநாள் ஆற விட வேண்டும். ஏன் என்று கேட்டேன். அதையும் சொன்னார். கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு கோடு விழுந்திருந்தது. இறுக்கிப் பார்த்தார், தாங்கியது. ஆனாலும் குழாயைச் செருகி இறுக்கும் தைரியம் அவருக்கு அதன் பிறகு வரவில்லை. சின்னத் துண்டுகளோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த டெஸ்ட் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருஷமும் ராவல் சத்தம் கேட்டுக்கொண்டே சமைத்தேன். இரும்புத் தூள் உலர்ந்த துணியில் ஒட்டும், வெந்த சோற்றில்கூட ஒரு தடவை பல்லில் நறுக்கென்றது. இரண்டாம் முறை தேறினார்.

அன்றைக்கு நான் குழாயடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டம்மா வந்து, "என்னம்மா, ஃபிட்டர் வீட்டுக்காரியாயிட்டே, ஒரு இனிப்பு கிடையாதா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது: வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர், என்னிடம் சொல்லுமுன், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தது.