சுவரொட்டி

சுவரொட்டி என்றால் போஸ்டர் என்றுதான் இருபத்திரண்டு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மைசூரில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும் படித்த எனக்கு வீட்டில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. ரயில்வே ஆபீஸிலிருந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டு, என்னை உட்காரவைத்து எழுதச் சொல்லுவார். போஸ்டர் என்று எழுதினால் அதை அடித்துவிட்டு மேலே சுவரொட்டி என்று எழுதுவார். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று எனக்குச் சொல்லித்தந்தது ஓர் ஆட்டுக்கறிக்கடை.

எங்களுடையது மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட ஐயங்கார் வீடு. மைசூர் விஜயநகரில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும், வெங்காயமே பஞ்சாங்கம் பார்த்துத்தான் உள்ளே வரும். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து கிளம்பி விலங்கியல் எம்.எஸ்ஸி.யில் சேர்ந்து, அதிலும் திசுவியலை எடுத்துக்கொண்டேன். உடம்பின் உறுப்புகளை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற படிப்பு. முதல் வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. டிபார்ட்மெண்டின் மரப்பெட்டியில் அடுக்கியிருந்த பழைய ஸ்லைடுகளைப் பார்த்து, ரோஜா நிறப் பென்சிலாலும் ஊதாப் பென்சிலாலும் வரைந்து தள்ளினேன். சிறுகுடலின் உட்சுவரை முதல்முறை பார்த்த அன்று மத்தியானம் சாப்பிடப் போகவே மறந்துபோனேன். அத்தனை அழகு.

கடைசி செமஸ்டரில்தான் வந்தது வினை. ஒவ்வொருவரும் ஐந்து உறுப்புகளைப் புதிதாக வாங்கிவந்து, தங்கள் கையாலேயே ஸ்லைடு போட்டுக் கொடுக்கவேண்டும் என்றார் மேடம். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் ரெக்கார்டை வாங்கமாட்டார். ரெக்கார்ட் இல்லையென்றால் பரீட்சை இல்லை. ஒரு வருஷம் போச்சு. ஜூன் மாதத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பயிற்சிக்குச் சேரச் சொல்லியிருந்தார்கள். அதுவும் போச்சு.

"மாமிசமெல்லாம் தொடணுமா இதுலே?" என்று அப்பா முன்பே கேட்டிருந்தார். "சேச்சே, எல்லாம் ரெடிமேட் ஸ்லைடுப்பா" என்று சொல்லியிருந்தேன். சேர்ந்த புதிதில் அது உண்மைதான். பிறகு பொய்யாகிவிட்டது. அதைப் போய்த் திருத்திச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கறிக்கடையில் கல்லாவில் இருந்தது ஓர் அக்கா. கொள்ளேகாலம் பக்கத்திலிருந்து வந்தவர். கணவர் உள்ளே வெட்டுவார். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு போய் நின்றேன். ஈரல், சிறுநீரகம், நாக்கு, குடல் நான்கும் பேர் சொன்னதும் கிடைத்துவிட்டன. ஐந்தாவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

"அக்கா, மண்ணீரல் இருக்கா?"

"என்னது, மண்ணா?"

"மண்ணீரல். ஸ்பிளீன்."

"ஈரல் தெரியுமுங்க. மண்ணீரல்னு ஒன்னைக் கேள்விப்பட்டதே இல்லீங்க."

என் இடது விலாவைத் தொட்டு, "இங்கே இருக்கும்" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு அங்க இருக்குமுங்க அம்மணி. ஆட்டுக்கு எங்க இருக்கும்? அதைச் சொல்லுங்க."

போனில் படத்தைத் தேடிக் காட்டினேன். "அட, செவுரொட்டி! இதுக்கா இத்தனை பாடு?" என்று உள்ளே குரல் கொடுத்தார். ஏன் அந்தப் பேர் என்று கேட்டதற்கு, "செவுத்துல எறிஞ்சா ஒட்டிக்கும், வேறென்ன" என்றார். "ரத்தம் ஊறும்னு புள்ளத்தாச்சிங்க வாங்கிட்டுப் போவாங்க. உங்க ஊட்டுல யாரு முழுகாம இருக்கறாங்க?"

"யாருமில்லைக்கா. இது படிப்புக்கு."

"படிப்புக்கா! இதைத் தின்னா படிப்பு வருமா?"

மற்ற நான்கும் ஒழுங்காக வந்தன. மண்ணீரல் மட்டும் என்னோடு மல்லுக்கு நின்றது. முதல் தடவை, வாங்கிக்கொண்டு வரும் வழியில் எனக்குத் தலையைச் சுற்றியது. ஸ்கூட்டரை நிறுத்தி, இளநீர் குடித்து, மரத்தடியில் உட்கார்ந்து, டிபார்ட்மெண்டுக்குப் போய்ச் சேர வெகுநேரமாகிவிட்டது. உயிர் போனதுமே செல்கள் தங்களைத் தாங்களே கரைக்க ஆரம்பித்துவிடும்; உடனே ஃபார்மலினில் போட்டால்தான் அப்படியே நிற்கும். ஒரு வாரம் பாடுபட்டுச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒரே கலங்கல். மண்ணீரல் வரவேண்டிய இடத்தில் மண்தான் வந்திருந்தது. இரண்டாவது தடவை டிபார்ட்மெண்ட் பூட்டியிருந்ததால் சிநேகிதி வீட்டு ஃப்ரீசரில் ராத்திரி வைத்தேன். ஐஸ் பிடித்து, ஸ்லைடு முழுக்க பிரெட் துண்டுபோல ஓட்டை. "இதைப் படித்த பெண் ஃப்ரீசரில் வைப்பாளா?" என்றார் மேடம். எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது. நேராகக் கறிக்கடைக்குப் போய், நாலு பேர் பார்க்க அழுதேன்.

வெள்ளிக்கிழமை ரெக்கார்ட் கொடுக்கவேண்டும். ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி முடிக்க ஐந்து நாள் வேண்டும். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி. ஃபார்மலின் பாட்டிலைக் கடையில் கொடுத்துவைக்கலாமா என்று கேட்டேன். "அந்தக் கண்ணு எரியற மருந்தை நாலு பேர் திங்கற கறிப் பக்கத்துல வெப்பாங்களா?" என்று அக்கா மறுத்துவிட்டார். நியாயம்தான். ஆடு அடித்ததும் எனக்குப் போன் செய்வது, நான் பாட்டிலோடு பறந்து வருவது என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டிபார்ட்மெண்டுக்குப் போய், ஃபார்மலின் கலந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏழு மணி ஆயிற்று, ஏழரை ஆயிற்று, போன் வரவில்லை. பையைத் துழாவினேன். போனே இல்லை. சார்ஜரில் போட்டு வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். என் அறிவை எதில் கொண்டுபோய் அடிப்பது!

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பறந்தேன். என்னைப் பார்த்ததும் அக்கா, "இப்பத்தானுங்களே உங்க அப்பா வந்து வாங்கிட்டுப் போனாரு" என்றார்.

"எங்க அப்பாவா?"

வீட்டில் நடந்தது இது; அம்மா பின்னால் சொன்னாள். அக்காவின் நம்பரை நான் 'புராஜெக்ட் அக்கா' என்று போட்டு வைத்திருந்தேன். போன் அடித்ததும் அப்பா எடுத்திருக்கிறார். செவுரொட்டி எடுத்து வைத்திருக்கிறது, சுருக்காக வாங்க, நேரமானால் கெட்டுப்போய்விடும் என்று அக்கா படபடவென்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். "பார்த்தயா, மைசூர்லே ஒரு அச்சாபீஸ்லே சுவரொட்டின்னு நல்ல தமிழ் பேசறா" என்றாராம். போஸ்டர் எப்படிக் கெட்டுப்போகும் என்று அம்மா கேட்டதற்கு, "மை காஞ்சிருக்காது" என்றாராம். கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு, போஸ்டரைச் சுருட்டிக் கட்ட இரண்டு ரப்பர்பேண்டும் ஒரு துணிப்பையும் எடுத்துக்கொண்டு, அப்படியே எனக்குக் கொடுக்க அம்மா கட்டித்தந்த தயிர்சாத டப்பாவையும் மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

மிச்சத்தை அக்கா சொன்னார். "நாமம் போட்டுட்டு ஒரு சாமி வந்து நிக்கறாருங்க. 'அம்மா, இங்கே சுவரொட்டி அடிக்கற எடம் எது?'ன்னாரு. 'இங்கதானுங்க சாமி, நாங்கதான் அடிக்கறோம், இப்பத்தான் அடிச்சோம்'னேன். கவரை எடுத்துக் காட்டுனனா, மூஞ்சி வெளுத்துப்போச்சு."

"அப்புறம்?"

"திரும்பிப் போயிருவாருன்னுதான் நெனச்சேன். ரெண்டு தடவை கெட்டுப்போயி நீங்க இங்க நின்னு அழுததைச் சொன்னேன். இந்த வாட்டியும் போச்சுன்னா புள்ளைக்கு ஒரு வருசம் போயிருமாமுங்க சாமின்னேன். அப்பறம் பையை விரிச்சுப் புடிச்சாரு."

"எங்கே போறேன்னு சொன்னாரா?"

"சொல்லலீங்களே அம்மணி."

எங்கே போயிருப்பார்? வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வழியில் குப்பைத்தொட்டியில் போட்டிருப்பார், நானாயிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆடு கசாப்புக்கடைக்காரனைத்தான் நம்பும் என்பார்கள். என்னைப்போய் நம்பினாரே இந்த மனுஷர் என்று நினைத்தபோது கண்ணீர் கண்ணை மறைத்தது. ஒரு வருஷம் போனாலும் போகட்டும், அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் வழியெல்லாம் யோசனை.

டிபார்ட்மெண்ட் வாசலில் அப்பாவின் ஸ்கூட்டர் நின்றது. அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். துணிப்பை ஒரு படி கீழே, தயிர்சாத டப்பா நான்கு படி மேலே. வலது கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார்.

"எங்கே போயிட்டே நீ?" என்று எழுந்தார். "நேரமாயிடலியே?"

கோபித்துக்கொள்வதற்கு முன்னால் அவர் கேட்டது இதைத்தான். பையை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். கவர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பிளேடால் மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பாட்டிலில் போட்டேன். அப்பா லேபின் வாசற்படியைத் தாண்டவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் வராந்தாப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"ஆச்சா?"

"ஆச்சுப்பா. நேரமாகலை." கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றேன். "ரெடிமேட்னு சொன்னேன். பொய்ப்பா."

"தெரியறது."

"கோபமா?"

"வராதா பின்னே? ஆனா அந்தக் கடைக்காரி கிட்டே அழுதயே, எங்கிட்டே அழப்படாதா?" வராந்தாவைப் பார்த்தபடியேதான் கேட்டார். பிறகு, "தமிழ்லே இந்த வார்த்தைக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கறது எனக்கே தெரியாது. அகராதியிலே பார்க்கணும்" என்றார். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, "அந்தத் தயிர்சாதத்தைச் சாப்பிடாதே. ரெண்டும் ஒரே வண்டியிலே வந்தது. கேண்டீன்லே எதையாவது சாப்பிடு" என்றார்.

நான் அந்தத் தயிர்சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. பசி ஒரு பக்கம். அதைவிட, அன்று அந்த டப்பாவை அப்படியே திருப்பி எடுத்துப்போக எனக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை மெழுகுக் கட்டியைச் சீவும்போதே தெரிந்துவிட்டது. சீவல்கள் கிழியாமல், சுருளாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பன்போல நீளமாக வந்தன. வியாழக்கிழமை சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கண்ணைப் பதித்தேன். செக்கச்செவேலென்ற பரப்பில் அங்கங்கே ஊதா வட்டங்கள். வட்டத்தின் ஓரமாக ஒரு சின்ன ரத்தக்குழாய், அதன் சுவர்கூடத் தனியாகத் தெரிந்தது. ஒரு செல்கூடக் கரையவில்லை. வெள்ளிக்கிழமை மேடம் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, "ஆய்த்து" என்று ஒரே கன்னட வார்த்தையில் முடித்தார். அவர் வாயிலிருந்து அது வந்தால் நூற்றுக்கு நூறு. ஸ்லைடின் ஓரத்தில் லேபிள் ஒட்டி, 'ஆடு, மண்ணீரல்' என்று எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தளிகை உள்ளிலிருந்து கரண்டியும் கையுமாக எட்டிப்பார்த்தாள். "எல்லாம் குடுத்தாச்சா? அந்தப் போஸ்டர் நன்னா வந்துதா?"

"நன்னா வந்துதும்மா." ஹாலில் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"அதை வாங்கப்போன அன்னிக்கு உங்கப்பாக்கு என்ன ஆச்சுன்னே தெரியலைடி" என்றாள் அம்மா குரலைத் தாழ்த்தி. "வந்ததும் வராததுமா பின்பக்கமாப் போய்த் தலையோட ஸ்நானம் பண்ணினார். பூணூலை வேற மாத்திண்டார். என்னன்னு கேட்டா, வழியிலே ஒரு சாவுன்னார்."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"பார்த்ததுக்கே யாராவது பூணூல் மாத்திப்பாளா? தெரிஞ்சவாளான்னு கேட்டேன். முன்னே பின்னே தெரியாது, சின்ன வயசு, ஆனா நம்ம கொழந்தைக்குப் பெரிய ஒத்தாசை பண்ணிட்டுப் போனதுன்னார். அன்னிக்கு ராத்திரி பலகாரம்கூடச் சாப்பிடலை." அம்மா கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள். "யாருடி அது?"