வலது பக்கத்து மஞ்சள் வட்டம்

எங்கள் துறைமுகத்துக்குள் வந்து "முழம் எங்கே?" என்று கேட்டால், மூட்டை தூக்குபவர் முதல் வாசல் காவலர் வரை எல்லோரும் கை காட்டுவார்கள். என் மனைவியின் தம்பி அவன். அளவு நாடாவைத் தொடமாட்டான். முழங்கையை வைத்து முழம் முழமாக எண்ணிக்கொண்டே போவான். முந்நூறு அடிக் கப்பலானாலும் விரற்கடை பிசகாது. தொழிலாளர் சங்க ஆண்டு மலருக்கு அவனைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றார்கள். யாராவது என்ன யாராவது? என்னைத் தவிர யார் எழுத முடியும்? அவனைக் கண்டெடுத்தவனே நான்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பதினோரு வயதில் கப்பல் விலாவில் கயிற்றில் தொங்கித் துருச் சுரண்டினேன். நாற்பது வயதில் அதே துறைமுகத்தில் பெயின்ட் அடிக்கும் காண்டிராக்ட் மொத்தமும் என் கைக்கு வந்தது. ஒரு கப்பலைப் பார்த்த மாத்திரத்தில் அது எத்தனை டின் பெயின்ட் குடிக்கும் என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியர்கள் காகிதத்தில் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நான் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பேன். இதெல்லாம் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

முழத்துக்கு அந்த மூன்றாம் வகுப்புகூட இல்லை. எழுத்துத் தெரியாது. ஆனால் எழுத்தை வரைவான். கப்பல் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதை ஆள் உயரத்துக்கு அச்சு அசலாக இரும்பில் ஏற்றிவிடுவான். தாளைத் தலைகீழாகக் கொடுத்தால் தலைகீழாகவே ஏற்றுவான். ஒரு தடவை அப்படி ஏற்றியும் விட்டான். அந்தக் கப்பல்காரரிடம் பேசிச் சமாளித்தது நான்.

அவனுடைய இன்னொரு குணம் சந்தேகம். வாலிபத்தில் ஒருவன் காட்டிய காகிதத்தில் கட்டைவிரலை உருட்டியதில் அப்பாவின் படகு போய்விட்டது. அன்றிலிருந்து யார் வணக்கம் சொன்னாலும் எதற்குச் சொல்கிறான் என்று யோசிப்பான். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று நாலு பேரைப் படிக்கச் சொல்வான். சாப்பிடப் போகும்போது பெயின்ட் டின் மூடியில் சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போவான். திரும்பி வந்ததும் கோடு சேர்கிறதா என்று பார்ப்பான். நான் சிரிப்பேன். "மாப்ளே, உன் நிழலையாவது நம்புடா" என்பேன். "அது எதுக்கு மாமா என் பின்னாடியே வருது?" என்று கேட்பான்.

அந்தக் காலத்தில்தான் சண்டை வந்தது. வடக்கே ஒரு சர்வாதிகாரி. எந்நேரமும் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு படங்களில் நிற்பான் என்பதால் துறைமுகத்தில் அவனுக்குப் பூட்ஸ்காரன் என்று பெயர். பக்கத்து நாடுகள் இரண்டை விழுங்கி ஏப்பம் விட்டிருந்தான். அவனை எதிர்த்து ஒரு பெரிய கூட்டணி கிளம்பியது. எங்கள் நாடு யார் பக்கமும் இல்லை என்று அறிவித்தது. எங்கள் தானியக் கப்பல்கள் இருவருக்கும் நடுவில்தான் போய்வர வேண்டும். யாரும் தவறிச் சுட்டுவிடக் கூடாது என்று, எல்லாக் கப்பல்களின் இரண்டு விலாவிலும் தேசியக் கொடியைப் பெரிதாக வரையச் சொல்லி உத்தரவு வந்தது. கூடவே கொடியின் படம் ஒன்று. மேலே வெள்ளை, கீழே பச்சை, இடது ஓரத்தில் கொடிக்கம்பத்தை ஒட்டி மஞ்சள் வட்டம்.

முதல் கப்பலிலேயே முழம் தகராறு செய்தான். இடது விலாவில் படத்தில் இருந்தபடியே வரைந்தான். வலது விலாவில் வட்டத்தை வலது ஓரத்தில் போட்டான்.

"ஏன்டா மாத்திப் போடுற? படத்தைப் பாரு!"

"மாமா, கப்பல் முன்னாடி போறப்ப கொடி எந்தப் பக்கம் பறக்கும்?"

"பின்பக்கம்."

"அப்ப கம்பம் எங்க இருக்கணும்? மூக்குப் பக்கம்தான? வட்டம் கம்பத்தோட ஒட்டினது. ரெண்டு விலாவுலயும் அது மூக்குப் பக்கம்தான் இருக்கணும். இல்லன்னா கப்பல் பின்னாடி ஓடுற மாதிரி இருக்கும்."

யோசித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. உத்தரவில் இல்லாவிட்டால் என்ன, இப்படியே போடுங்கள் என்று எல்லா ஆட்களுக்கும் சொல்லிவிட்டேன். அந்த முடிவை எடுக்கவும் ஒரு துணிச்சல் வேண்டும். இப்படியாக எங்கள் கப்பல் எல்லாவற்றிலும் மஞ்சள் வட்டம் மூக்கைப் பார்த்தே இருந்தது. வெளியாட்கள் யாரும் இதைக் கவனித்ததில்லை.

அதற்குள் ஊரே முழத்தைப் போல ஆகிவிட்டிருந்தது. லாட்ஜ் முழுக்கப் புது ஆட்கள். மீன் வாங்க வந்தேன் என்பவர் மேல் மீன் வாசமே இருக்காது. பறவை பார்க்க வந்தேன் என்பவரின் தொலைநோக்கி கப்பல் துறையையே பார்த்துக்கொண்டிருக்கும். டீக்கடையில் புதியவர் நுழைந்தால் பேச்சு சட்டென்று மழையைப் பற்றித் திரும்பிவிடும்.

ஒரு நாள் காலையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் என் கடைக்கு வந்தார். பூட்ஸ்காரன் நாட்டு வணிக அலுவலகத்தைச் சேர்ந்தவர். எங்கள் மொழியை எங்களைவிடச் சுத்தமாகப் பேசினார். "இந்தத் துறைமுகத்தில் உங்களைவிடத் திறமையானவர் இல்லை என்று கேள்விப்பட்டேன்" என்றார். உண்மையைத்தானே சொல்கிறார் என்று உட்காரச் சொன்னேன். இரு நாட்டு நட்பு விழா நடத்தப் போகிறார்களாம். எங்கள் கொடியைப் பெரிய தார்ப்பாய்கள் இரண்டில் வரைந்து தர வேண்டும். ஒவ்வொன்றும் முப்பத்தாறு முழ நீளம். நாலு ஓரத்திலும் பித்தளை வளையம். உப்புத் தண்ணீர் பட்டாலும் உரியாத கப்பல் பெயின்ட்.

முழம் ஒரு மூலையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தான். "ஐயா, ஒண்ணு வலது, ஒண்ணு இடதா?" என்று கேட்டான்.

தொப்பிக்காரர் அவனைப் பார்த்தார். "வலது என்ன, இடது என்ன? படத்தில் இருக்கிறபடி. இரண்டும் ஒரே மாதிரி."

"சரிங்க ஐயா" என்று முழம் மறுபடி தூரிகை கழுவப் போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டில் சாப்பிடும்போது வாயைத் திறந்தான்.

"மாமா, நட்பு விழா எங்க நடத்துறாங்க? கடலுக்குள்ளயா?"

"அவன் எங்க நடத்தினா உனக்கு என்ன?"

"மண்டபத்துல தொங்கவிடுற துணிக்கு உப்புத் தண்ணி பெயின்ட் எதுக்கு? நாலு பக்கமும் வளையம் எதுக்கு? கப்பல் விலாவுல இழுத்துக் கட்டத்தான் நாலு பக்கமும் வளையம் வேணும்."

என் மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே, "தம்பி சொல்றதுல ஒரு இது இருக்குங்க" என்றாள்.

"உன் தம்பி, இட்லியில உப்பு இருந்தாலும் எதுக்குன்னு கேப்பான்" என்றேன். பெரிய மனிதர் ஒருவர் வீடு தேடி வந்து மரியாதை கொடுத்ததை இவன் கெடுக்கிறானே என்று எனக்கு எரிச்சல்.

அவன் விடவில்லை. "அவன் கப்பல்ல நம்ம கொடியக் கட்டி எதிராளி கப்பலைச் சுடப் போறான் மாமா. அவங்க நம்மதான் சுட்டோம்னு நெனச்சு நம்மளச் சுடுவாங்க. நமக்குக் கோவம் வரும். வேற போக்கிடம் இல்லாம இவன் மடியில போய் உக்காருவோம்."

"அப்படின்னா வரையாத. வேலைய விடு."

"நான் மாட்டேன்னா வேற ஆள்கிட்ட போவான். அந்த ஆள் நம்ம வழக்கப்படி ஒழுங்கா வரைஞ்சு கொடுத்துட்டா? இவன் கேட்ட மாதிரியே ரெண்டையும் ஒரே மாதிரி போட்டுத் தர்றேன். வலது விலாவுல கட்டினா வட்டம் வால் பக்கம் போயிடும். நம்ம கப்பல் இல்லன்னு அடையாளம்."

அவனுக்கு அந்த வாரம் தூக்கம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அவன் மகளைக் கட்டியவன் தானியக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். அடுத்த வாரம் கிளம்ப வேண்டிய கப்பல் அது. கூட்டணிக்காரர்களின் கடலைத் தாண்டிப் போக வேண்டும்.

தார்ப்பாய் காய்வதற்குள் முழம் துறைமுக அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க ஆள் நட்பு நாட்டு மேல பழி போடுறாரு. நாம நடுநிலை நாடு. யார் மேலயும் சந்தேகப்படுறது நம்ம வேலை இல்ல" என்றார். காண்டிராக்ட் எடுத்த இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் நான் தலைகுனிந்து நின்றது அந்த ஒரு தடவைதான். வெளியே வந்து முழத்தைத் திட்டித் தீர்த்தேன்.

முழம் அங்கிருந்து நேரே தானியக் கப்பலுக்குப் போனானாம். மருமகனைக் கூட்டிக்கொண்டு கேப்டனைப் பார்த்து, ஒரு கரித்துண்டால் மேல்தளத்திலேயே இரண்டு கப்பல் வரைந்து காட்டியிருக்கிறான். "யாராவது மறிச்சா ரெண்டு பக்கமும் சுத்திப் பாருங்கன்னு சொல்லுங்க ஐயா" என்றானாம். கேப்டன் சிரிக்கவில்லை என்று மருமகன் பிறகு சொன்னான்.

தார்ப்பாய்கள் போய்விட்டன. தொப்பிக்காரர் எனக்கு ஒரு பேனா பரிசளித்தார். கப்பலும் கிளம்பியது.

முப்பத்திரண்டாவது நாள் ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் கொடி பறந்த ஒரு கப்பல், கூட்டணிக்காரர்களின் பயணிகள் கப்பலைச் சுட்டு மூழ்கடித்துவிட்டதாம். அன்றே இன்னொரு அறிவிப்பு. இனி எங்கள் கப்பல் எது எதிர்ப்பட்டாலும் கூட்டணி தாக்கும். சாயங்காலம் பூட்ஸ்காரன் பேசினான். "உங்களைக் காப்பாற்ற நான் இருக்கிறேன்" என்று எங்கள் மொழியிலேயே உருகினான்.

டீக்கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் கடையில் முப்பத்தாறு முழத் தார்ப்பாய் காய்ந்ததை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! பழகினவர்கள்கூட என்னிடம் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

தானியக் கப்பலிடமிருந்து தகவலே இல்லை. முழத்தின் மகள் என் கடைக்கு வந்து அப்பா முன்னால் நின்றாள்.

"உன் கையால வரைஞ்ச கொடிதானப்பா அது?"

"ஆமாம்மா."

"தெரிஞ்சே வரைஞ்சியா?"

"ஆமா."

"அப்ப அவரு செத்தா, நீதான்."

அவள் போய்விட்டாள். முழம் அப்படியே நின்றான். கையிலிருந்த தூரிகையில் பெயின்ட் இறுகிக் கட்டையாகும்வரை நின்றான். தூரிகையை அப்படிக் காயவிட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

அவனைக் கையைப் பிடித்து அதிகாரியிடம் இழுத்துப் போனேன். அன்றைக்குப் பேப்பரில், உயிர் தப்பிய ஒரு மாலுமி, தன் கப்பலைச் சுட்ட கப்பலின் வலது விலாவைப் பென்சிலால் வரைந்த படம் வந்திருந்தது. என் பெயின்ட் கறைக் கையாலேயே மேஜையில் விரித்தேன்.

"ஐயா, படிப்பு எனக்குக் குறைச்சல். கண்ணு குறைச்சல் இல்ல. இந்தக் கப்பலோட மூக்கு எந்தப் பக்கம், வட்டம் எந்தப் பக்கம்? இப்ப ஜன்னல் வழியா நம்ம கப்பலைப் பாருங்க. அந்தத் தார்ப்பாய் என் கடையிலதான் தயாராச்சு. யார் கேட்டாங்க, எப்பக் கேட்டாங்கன்னு எழுதிக்குங்க. கையெழுத்து நான் போடுறேன்."

முழம் என் காதருகில், "மாமா, போடறதுக்கு முன்னாடி யாரையாவது படிக்கச் சொல்லுங்க" என்றான்.

அதிகாரி பேப்பரைப் பார்த்தார், ஜன்னலுக்கு எழுந்து போனார். பிறகு தந்தி அறைக்கு ஆள் அனுப்பினார். தொப்பிக்காரர் தங்கியிருந்த அறையைத் திறந்தபோது தொப்பி மட்டும்தான் இருந்தது.

பதினோரு நாள் கழித்துத் தானியக் கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது. கூட்டணியின் போர்க்கப்பல் ஒன்று அதை மறித்துப் பீரங்கியைத் திருப்பியிருக்கிறது. கேப்டன் வெள்ளைத் துணி காட்டி, சுடும் முன்னால் இரண்டு விலாவையும் பாருங்கள் என்று விளக்குச் சைகையில் கெஞ்சியிருக்கிறார். எங்கள் தந்தி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்ததாம். சின்னப் படகு ஒன்று கப்பலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, போகச் சொல்லிவிட்டது. மருமகன் கரி படிந்த முகத்தோடு இறங்கினான். முழத்தின் மகள் புருஷனிடம் போகவில்லை. முதலில் அப்பாவிடம் போய் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முழம் என்ன செய்தான் தெரியுமா? மருமகனை ஏற இறங்கப் பார்த்து, "வலது காதுல என்னடா காயம்? எங்க பட்டது?" என்று விசாரணையை ஆரம்பித்துவிட்டான்.

இது இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எங்கள் அரசாங்கம் இந்தக் கொடி வேஷத்தை உலகத்துக்குச் சொன்னது. எங்களை மடியில் உட்காரவைக்க முடியவில்லை என்றதும் பூட்ஸ்காரன் மூன்றாவது வாரம் விமானங்களை அனுப்பினான். தானியக் கிடங்கு எரிந்தது. என் கடையின் கூரை போயிற்று. தந்திரத்தால் இழுக்க முடியாததைக் குண்டு போட்டு இழுத்துவிட்டான். நாங்களும் அவனுக்கு எதிராகச் சண்டைக்குள் வந்துவிட்டோம்.

அடுத்த உத்தரவு வந்தது. கப்பல்களில் கொடியை அழித்துவிட்டு, எல்லா நாட்டுப் போர்க்கப்பலையும் போலச் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும். இந்தத் தடவை படம் எதுவும் அனுப்பவில்லை. தானியக் கப்பலில்தான் ஆரம்பித்தோம். முழம் பலகையில் தொங்கிக்கொண்டு வலது விலாவில் வெள்ளையை மூடினான், பச்சையை மூடினான். மஞ்சள் வட்டத்தைக் கடைசிவரை விட்டுவைத்தான். கயிற்றை நானே பிடித்துக்கொண்டேன். அறுபத்திரண்டு வயதில் அந்தக் கயிற்றைத் தனியாகப் பிடிக்க என்னால்தான் முடியும்.

"அதையும் அடிடா மாப்ளே. இருட்டுது."

வட்டத்தின் குறுக்கே முழங்கையை வைத்து ஒரு தடவை அளந்தான். பிறகு தூரிகையை முக்கினான்.

"மாமா, இந்தச் சாம்பலுக்கு வலது இடது கிடையாது" என்றான். "இனிமே நம்மளையும் அந்தப் பூட்ஸ்காரனையும் எப்படிப் பிரிச்சுப் பாப்பாங்க?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.