இராஜேஸ்வரி அக்காவும் எங்கள் வீட்டு எண்ணெய் ஹீட்டரும்

எழுபதுகளில் மெல்போர்னில் எண்ணெய் ஹீட்டர் இல்லாத தெருவே கிடையாது. கொல்லையில் ஓர் எண்ணெய்த் தொட்டி, கூடத்தில் பீரோ மாதிரி ஓர் இரும்புப் பெட்டி, அதிலிருந்து கூரைக்குப் போகும் புகைக்குழாய். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதைத் திருகி ஏற்றுவதும் எதிரில் உட்கார்ந்து குளிர் காய்வதும்தான். இராஜேஸ்வரி அக்காவுக்கு மட்டும் அந்தப் பெட்டியின் குடல் வரைக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. கணவர் சிறிதரன் கணக்கு வாத்தியார். ஸ்க்ரூடிரைவரைக் கண்டாலே அடுத்த அறைக்குப் போய்விடுவார். வந்த முதல் வருஷம் தங்கள் வீட்டு ஹீட்டரைச் சுத்தம் செய்ய வந்த வெள்ளைக்காரரை அக்கா சும்மா விடவில்லை. பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, இது ஏன், அது எதற்கு என்று துளைத்து எடுத்துவிட்டாராம். மறு வருஷத்திலிருந்து அந்த வேலை அக்காவுடையது. குளிர்காலத்துக்கு முன்னால் எண்ணெய் வரும் குழாயை மூடி, பெட்டி முழுக்க ஆறும்வரை காத்திருந்து, பிறகுதான் கை வைப்பார். முழங்கை வரை கரியோடு அவர் நிற்பதைப் பார்த்து நாங்கள் கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

1975, மே மாதம். என் பெண்ணுக்கு ஒரு மாதம்கூட நிறையவில்லை. எனக்கு ஒத்தாசையாக மெட்ராஸிலிருந்து கல்யாணி சித்தி வந்திருந்தாள். பச்சை உடம்புக்காரிக்கும் குழந்தைக்கும் காற்றுப்படக் கூடாது என்று, சுவரில் இருந்த காற்றுத் துளைகளை எல்லாம் என் கணவர் சேஷாத்ரியின் பழைய வேஷ்டியைக் கிழித்து அடைத்தாள். தினமும் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி போட்டாள். வீடே கோயில் மாதிரி மணத்தது. எனக்குத் தலைவலி; தூக்கம் போதவில்லை என்றாள் சித்தி. சேஷாத்ரிக்கும் தலைவலி, ஆபீசுக்கு மட்டம் போட ஒரு சாக்கு என்றேன் நான். குழந்தை மட்டும் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டே இருந்தது.

"தங்கமான குழந்தைடி விமலா, அழவே மாட்டேங்கறது" என்று சித்தி திருஷ்டி கழித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் குழந்தையைப் பார்க்க இராஜேஸ்வரி அக்கா வந்தார். உள்ளே வந்ததுமே அவர் முகம் மாறியது.

"சாம்பிராணிக்குள்ள வேற ஏதோ மணக்குது" என்றவர், நேரே ஹீட்டரிடம் போய்க் குனிந்தார். நிமிர்ந்து நின்று எரிய வேண்டிய தீ, அழுக்கு மஞ்சளாகச் சரிந்து கிடந்தது. சித்தியின் கையிலிருந்த சாம்பிராணிக் கரண்டியை வாங்கி, பெட்டியின் காற்று வாயருகே பிடித்தார். உள்ளே இழுக்கப்பட வேண்டிய புகை, திரும்பி எங்கள் முகத்துக்கே வந்தது.

"புகைக்குழாய் அடைச்சிருக்கு. நச்சுக் காற்று முழுக்க வீட்டுக்குள்ளதான் நிக்குது. பிள்ளையைத் தூக்குங்கோ. எல்லாரும் வெளியில!"

அக்கா குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஓடும்போதே கொல்லைத் தொட்டியின் எண்ணெயை அடைத்துவிட்டுத்தான் வந்தார். வெளியே ஊசியாகக் குளிர். குழந்தையின் கன்னத்தைத் தட்டினேன், உள்ளங்காலைச் சுண்டினேன். அழவில்லை. துணி மாதிரி துவண்டு கிடந்தது. சமர்த்து என்று நாங்கள் கொஞ்சியது எதை என்று அப்போதுதான் புரிந்தது.

அக்காவின் காரில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். என்ன நடந்தது, எங்கள் தலைவலி எதனால் என்று டாக்டரிடம் அவரே சொன்னார். பிராண வாயு கொடுத்தார்கள். சாயங்காலம் என் பெண் வீறிட்டு அழுதபோது சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நாங்கள் வீடு திரும்பியதும் அக்கா எங்கள் ஹீட்டரைத் திறந்தார். புகைக்குழாயின் உச்சியிலிருந்து ஒரு மைனாக் கூடு வந்தது. அசல் நம்மூர் மைனா! கோடையில் கட்டிவிட்டுப் போயிருந்தது. அடியில் தேங்கியிருந்த எண்ணெயைத் துடைத்து, கரியைச் சுரண்டி, குழாயைத் தேய்த்து, சுவரிலிருந்த வேஷ்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தீ மூட்டினார். சாம்பிராணிப் புகை இப்போது பிடித்து இழுத்தாற்போல் உள்ளே போவதை வாசலிலிருந்தே பார்த்தேன்.

"சரியாப் போச்சு. வாங்கோ."

குழந்தையை இறுக்கிக்கொண்டு, "முடியாதுக்கா, என்னால முடியாது" என்று அழுதேன்.

சேஷாத்ரி ஏதோ விளக்க வாயெடுத்தார். அக்கா அவரைக் கையமர்த்தினார். "அவ பயப்பிடுறதில பிழை இல்லை. முதல்ல நானே உள்ள போய் இருந்து பாக்கிறன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஹீட்டரை ஒட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளை மடியில் வைத்து, பரீட்சை எழுத வந்தவர் போல அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெற்றவளே நுழையப் பயந்த காற்றை, யாரோ பெற்ற பிள்ளைக்காக அந்த மனுஷி இழுத்து இழுத்துச் சுவாசித்துக்கொண்டிருந்தார். கும்பிட வேண்டும்போல் இருந்தது, கையில் குழந்தை.

வெயில் வேலிக்கு அப்பால் இறங்கிவிட்டது. கதவு திறந்தது.

"எனக்குத் தலையிடி ஒண்டும் இல்லை, விமலா" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். "பிள்ளையைத் தாங்கோ."

கொடுத்தேன்.