அரிசிப் பானைக்குள் இருந்த நோட்டு

தமிழ் பேசும் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்ட நாட்களில் பாறசாலையில் எங்கள் வீட்டுக்குள் போலீஸ் புகுந்தது. துண்டுப் பிரசுரம் தேடியவர்களுக்கு, கவிதை எழுதும் வெட்கத்தில் நான் அரிசிப் பானைக்குள் ஒளித்திருந்த நோட்டு அகப்பட்டது. அதையும் போராட்ட எழுத்து என்றே நினைத்தார்கள்.

"எலே, இதை எழுதினது யாரு?" என்று கேட்டுக் கேட்டு என் கணவரை லத்தியால் அடித்தார்கள். அவருக்கு எப்படித் தெரியும்? நெற்றி பிளந்து ரத்தம் சுவரில் தெறித்தது.

"அடிக்காதீங்க, நானாக்கும் எழுதினது!" என்று அலறினேன்.

"பொம்பிளையா?" என்று ஒரு போலீஸ்காரன் சிரித்துக்கொண்டே நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டான். அவன் கையைப் பிடித்துக் கடித்தேன். என் வாயெல்லாம் ரத்தம்.

புருஷனுக்காகப் போலீசைக் கடித்தவள் என்று ஊர் இன்றும் மெச்சுகிறது. பொய். அவரை அடித்தபோது அழுதேன். நோட்டைக் கிழித்தபோதுதான் கடித்தேன்.