அரைப்புள்ளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் அகிலாண்டேஸ்வரிக்குக் கோபமே வராது. வரவேண்டியவளுக்கு வரவில்லையே என்று அதற்கும் சேர்த்து எனக்கே எரியும்.

காரைக்குடியில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு அவளுடையது. புருஷன் மாரடைப்பில் போனார். அதே வருஷம் கொழுந்தன் முருகப்பனின் மனைவியும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். நகரத்தார் வழக்கத்தில் தம்பதி என்றால் ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் காரியத்துக்கு அப்படித்தான் எண்ணுவார்கள். ஆக ஒரே வீட்டில் இரண்டு அரைப்புள்ளிகள். முருகப்பனுக்குச் சீக்கிரமே மறுகல்யாணம் செய்துவைத்தார்கள். அவர் முழுப்புள்ளியாகிச் சிங்கப்பூர் போய்விட்டார். அகிலா, மாமியார் உமையாள் ஆச்சியோடும் பூட்டிக் கிடக்கும் அறைகளோடும் மிஞ்சினாள்.

இந்த வருஷம் அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போய்விட வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. ஆச்சியையும் கூட்டிப்போவதாகச் சொல்லிப் பார்த்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு வருவதாவது என்று ஆச்சி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்குச் சர்வசம முக்கோணங்கள். ஒரு கோடு போடச் சொன்னாள். அதே நீளத்துக்குக் கவராயத்தை விரித்து, ஒரு முனையில் ஊசியைக் குத்தி ஒரு வில். விரிப்பை மாற்றாமல் மறுமுனையில் குத்தி இன்னொரு வில். இரண்டும் கோட்டுக்கு மேலே ஓரிடத்தில் வெட்டும், கீழேயும் ஓரிடத்தில் வெட்டும். வெட்டிய புள்ளிகளைக் கோட்டின் முனைகளோடு சேர்த்தால் மேலே ஒரு சமபக்க முக்கோணம், கீழே ஒன்று.

பார்த்தாலே தெரிகிறது, இரண்டும் ஒன்றுதான் என்றாள் ஜனனி. பார்த்தால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்றாள் அகிலா. அடிக்கோடு இரண்டுக்கும் பொது. மற்ற பக்கமெல்லாம் அந்த ஒரே விரிப்பின் அளவு. மூன்று பக்கமும் சமம் என்பதால் முக்கோணங்கள் சர்வசமம். அவ்வளவுதான் நிரூபணம். பேசின ஜனனியோ ஊசியை முதல் முனையை விட்டு எடுக்காமலே சுற்றிச் சுற்றி வரைந்திருந்தாள். வட்டம்தான் வந்திருந்தது.

"ஊசிய மாத்திக் குத்தாம முக்கோணம் வராதும்மா" என்றாள் அகிலா.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சை எடுத்தாளாம். எல்லாவற்றையும் மறுநாள் என்னிடம் சொன்னாள், ஏதோ பக்கத்து வீட்டுக் கதை போல.

"ஒருத்தி இங்குட்டு ஊண்டி நின்னாத்தானே முருகப்பன் அங்குட்டுச் சுத்த முடியும்" என்றிருக்கிறாள் ஆச்சி.

"அப்ப கொஞ்ச நாளு அவுக வந்து நிக்கட்டுமே அயித்தை. எனக்கு வந்த துக்கந்தானே அவுகளுக்கும் வந்துச்சு?"

வகுப்பில் சொன்ன நிரூபணம்தான். ஒரே வீடு, ஒரே அளவு துக்கம். ஆச்சிக்குக் கோபம்கூட வரவில்லையாம். "அவன் முழுப்புள்ளி, நீ அரைப்புள்ளி. ரெண்டும் எப்படி ஆத்தா ஒண்ணாகும்?" என்று தலையைத் தடவிக் கொடுத்தாளாம். அந்தத் தடவலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

புள்ளிக்கு நீளமில்லை, அகலமில்லை, அதைப் பாதியாக்க முடியாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் அவள். ஆச்சியிடம் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். அவள் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் நான் பக்கத்தில் இருக்கும்போதே கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. வர முடியவில்லை என்றாள். காரணம் கேட்டிருப்பார்கள் போல.

"வீட்டுல ஆள் இல்லைங்க" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. என்னைப் பார்த்தாள். "நான் இருக்கேனே" என்றாள் மெதுவாக.